சுவரில் விடுபட்ட கை

என் சாவுக்குப் பதினொரு மாலை வந்தது. ஒரு ஃபுட்பால் டீமுக்குச் சரியாக இருக்கும். பத்து மாலையை யார் யார் கொண்டுவந்தார்கள் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அந்தக் கலவரத்தில் நான் யார் முகத்தைப் பார்த்தேன்! பதினொன்றாவது மாலையைக் கொண்டுவந்தவனுக்கு நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். செத்தவன் எழுதுகிறானே என்று பயப்பட வேண்டாம். முட்டியைத் தவிர எல்லாம் நன்றாகவே இருக்கிறது.

நான் ஸ்டாப்பர் பேக் ஆடியவன். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, வருகிறவனை உள்ளே விடாமல் தடுப்பது என் வேலை. கோல் அடிப்பவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். தடுப்பவனை எதிர் டீம்காரன் அம்மாவரைக்கும் இழுத்துத் திட்டுவான். எனக்கு என்னவோ திட்டு வாங்குவதுதான் பிடித்திருந்தது. வியாசர்பாடி எம்.கே.பி. நகர் மைதானத்து மண்ணில் ஆரம்பித்து, கல்கத்தா கிளப்புகளில் ஒன்பது சீசன் சம்பளத்துக்கு ஆடினேன். முட்டி தேய்ந்ததும் ஊர் திரும்பினேன். இப்போது எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். வீடு திருவொற்றியூரில்.

மைதானத்துச் செயலாளர் எங்கள் டீமில் லெஃப்ட் விங் ஆடியவன், இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். ஒருநாள் சாயங்காலம் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, இறங்காமலே சொன்னான்.

“மாமு, உன்ன செவுத்துல வரையப் போறோம். கிரவுண்ட பாத்தமாரி ஹவுசிங் போர்டு செவுரு கீதுல்ல, அதுல. மூணு மாடி ஒசரம்.”

“செத்தவனத்தான்டா செவுத்துல வரைவானுங்க. நான் இன்னும் உசுரோட கீறன்.”

“அதுக்கின்னா இப்போ? சாவறதுக்குள்ள பாத்துக்க.”

இருவரும் சிரித்தோம். என் வாய்முகூர்த்தம் எப்படிப்பட்டது என்று அப்போது தெரியவில்லை. அவன் போன பிறகு கண்ணாடி முன்னால் நின்று மீசையை ஒதுக்கிப் பார்த்தேன். மனைவி பார்த்துவிட்டாள். “இன்னா, இப்பவே போஸா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

படம் வரைய வந்த பெண் எண்ணூரில் பிறந்தவள். அவள் அப்பா அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, பள்ளிக்கூடச் சுவர், பாலத்துத் தூண் என்று பெரிது பெரிதாக வரைந்துகொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து பழைய படம் இருந்தால் கொடுங்கள் என்றாள். என்னிடம் நல்ல படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உள்ளூர் டோர்னமென்ட் அரையிறுதியில் எடுத்தது. நான் எம்பித் தலையால் பந்தை முட்டுகிறேன். கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நிற்கிறது. படத்தின் ஓரத்தில், என் தோளுக்குப் பின்னால், கையுறை போட்ட ஒரு கை நீண்டிருக்கும். கைக்குச் சொந்தக்காரன் படத்துக்குள் வரவில்லை.

அவள் அதைப் போனில் பிடித்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அண்ணே, இது யாரு கை? இது இருந்தா படம் நல்லா இருக்கும். பின்னால ஒருத்தரு நிக்கிறாருன்னு தெரியும்.”

“அது வேணாம்மா. எடுத்துடு.”

அவள் சரி என்றாள். இப்போது நான் யார் கையை வெட்டச் சொன்னேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அது என் தோஸ்தின் கை. தண்டையார்பேட்டையில் அவன் வீடு, பழைய வண்ணாரப்பேட்டையில் அவன் அப்பாவுக்கு லைனிங் துணிக்கடை. பத்து வயதிலிருந்து ஒன்றாக ஆடினோம். அவன் கீப்பர், அவனுக்கு முன்னால் நான். நோன்பு மாதத்தில் அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் கோலில் நிற்பான். அந்த நாட்களில் நானும் ஆட்டம் முடியும்வரை பாட்டிலைத் தொடமாட்டேன். அவன் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. அப்படியே பழகிவிட்டது.

அந்த அரையிறுதிக்கு அடுத்த வாரம் இறுதி ஆட்டம். கல்கத்தா கிளப் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது எங்கள் கோல் முன்னால் ஒரு பந்து தாழ்வாக வந்தது. பந்தைத் தான் எடுக்கப்போவதாக இருந்தால் கீப்பர், “கீப்பர்!” என்று கத்துவான். கத்திவிட்டால் மற்றவன் ஒதுங்கிவிட வேண்டும். தெருவில் ஆடுகிற பொடியனுக்கும் தெரிந்த சட்டம் இது. அவன் கத்தினான். என் காதில் விழுந்தது. ஆனால் கல்கத்தாக்காரர்கள் பார்க்கிறார்கள், நானே அடித்து வெளியேற்றினால்தான் என்னைத் தெரியும் என்ற புத்தி. காலை வீசினேன். பந்தில் பாதி பட்டது, அவன் வலது கையில் பாதி பட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் உடைந்தன. எலும்பு சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த விரல்கள் மடங்கவே இல்லை.

அதற்காக அவன் என்னோடு சண்டை போடவில்லை. மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு, “ஆட்டத்துல ஆவறதுதான் மாமு, பேஜாரா கீறியா இன்னா?” என்று எனக்கே ஆறுதல் சொன்னான். நான் குட்டிச்சுவராக்கியது அதற்குப் பிறகு. சொந்தக் கீப்பர் கூப்பிட்டதையே கேட்காதவனை எப்படி எடுப்பது என்று கல்கத்தாக்காரர்கள் தயங்குவதாகக் காதில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பத்திரிகைக்காரர் வந்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். “கீப்பர் கூப்பிடவில்லை” என்றேன். இரண்டே வார்த்தைதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அச்சில் வந்தது, ஒப்பந்தமும் வந்தது. அவனும் அந்தப் பேப்பரைப் படித்தான். அதோடு எங்கள் பேச்சு நின்றது. இருபத்திரண்டு வருடம்.

என் மனைவி ஜாக்கெட் லைனிங் வாங்க அவன் கடைக்குத்தான் போவாள். அப்பாவுக்குப் பிறகு அவன்தான் கல்லாவில். வலது கை விரல் மடங்காததால் இடது கையால் கத்தரிக்கோல் பிடித்துத் துணி வெட்டுவானாம். நான் தெருமுனையில் ரோஸ் மில்க் கடை வாசலிலேயே நின்றுவிடுவேன். “அண்ணன் ஒன் முட்டி எப்டி கீதுன்னு கேட்டாரு” என்பாள் திரும்பி வந்து. “நல்லா கீதுன்னு சொன்னியா?” என்பேன். “நீயே போய் சொல்லு” என்பாள். ஒரு தடவைகூட நான் போகவில்லை. மைதானத்தில் ஆறடி ஆளையும் பயமில்லாமல் தடுத்தவனுக்கு, நாற்பது தப்படி நடக்கத் தைரியம் இல்லை.

சுவர் வேலை பத்து நாள் நடந்தது. அந்தப் பெண் சாரம் கட்டி ஏறி, சாக்பீஸ் தேய்த்த நூலால் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு அடித்தாள். ஒரு கட்டத்தில் மூக்கு, ஒரு கட்டத்தில் காது. என் காது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. இவ்வளவு பெரிய காதை வைத்துக்கொண்டா அவன் கூப்பிடவில்லை என்று சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். மழைநீர்க் குழாய் சுவரின் நடுவில் இறங்குகிறது. அதை ஜெர்சியின் மஞ்சள் பட்டையாக மாற்றிவிட்டாள், கெட்டிக்காரி. கழுத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பங்களின் ஜன்னல்கள். அங்கே காயும் நைட்டியையும் லுங்கியையும் என்ன செய்வது என்று கேட்டேன். “காயட்டும்ணே, அவங்க செவுருதானே” என்றாள்.

தோளுக்குப் பின்னால் கை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நீல வானம். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அங்கேதான் கண் போனது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு, அதோடு பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு மேட்ச் என்று ஏற்பாடு. செயலாளர் கேட்டுக்கொண்டபடி, நான் கல்கத்தாவில் ஆட ஆரம்பித்த வருடத்தையும் நிறுத்திய வருடத்தையும் படத்தின் கீழே எழுதி, நடுவில் ஒரு கோடும் போட்டிருந்தாள். பார்த்துவிட்டு நெஞ்சு நிறைந்து நான் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பினேன்.

நான் போன பிறகுதான் பூக்கார அக்கா வந்திருக்கிறார். மைதானத்து மூலையில் பூ கட்டி விற்பவர். அரை டிராயர் காலத்திலிருந்து என்னைத் தெரியும். “இம்மாம் பெரிய படம், மொட்டையா கீதே” என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. அப்போதே உட்கார்ந்து நீளமாக ஒரு மாலை கட்டி, இரண்டு ஜன்னல்காரர்களிடமும் ஒவ்வொரு முனையைக் கொடுத்து, கம்பியில் கட்டச் சொல்லிவிட்டார். மாலை என் கழுத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று கீழே ஒரு வாழைப்பழத்தில் ஊதுவத்தியும் செருகிவிட்டுப் போனார். அவ்வளவும் அன்பு. அதில் துளிகூடக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் நம் ஊரில் சுவரில் பெரிய முகம், கழுத்தில் மாலை, கீழே ஊதுவத்தி, இரண்டு வருடம், நடுவில் ஒரு கோடு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். விடிகாலையில் வேலைக்குப் போன யாரோ ஒருவர் போனில் படம் பிடித்து, ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். இரண்டு வருடத்தையும் கழித்துப் பார்த்தால் வயது ஒன்பதுதான் வரும். ஒன்பது வயதில் செத்தவனுக்கு ஏது இவ்வளவு பெரிய மீசை என்று ஒருவரும் கேட்கவில்லை. துக்கம் வந்தால் யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

யார்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். காலையில் எடுத்தபோது சார்ஜ் செத்திருந்தது. டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் நுழைந்து நுழைந்து பைக்கில் வீடு வந்து சேர்ந்தேன். தெருவை அடைத்துப் பாதி ஷாமியானா போட்டிருந்தார்கள். நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஐஸ் பெட்டி ஏற்றிய ஒரு மினி வண்டி. யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டே வண்டியை நிறுத்தினேன். எதிர் வீட்டு அம்மா என்னைப் பார்த்து “ஐயோ!” என்று கத்திவிட்டு உள்ளே ஓடினார்.

வாசலில் என் மனைவி துடைப்பத்தோடு நின்றிருந்தாள். முதல் மாலை வந்ததுமே யார்டு கேட்டுக்குப் போன் செய்து, இப்போதுதான் கிளம்பினார் என்று தெரிந்துகொண்டாளாம். அந்தப் போன் கிடைப்பதற்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி அவள் இன்றுவரை என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு, “அவரு வந்துகினு கீறாரு, சாவல” என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். “அதிர்ச்சில புள்ள இன்னாமோ பேசுது” என்று அவர்கள் இவளைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்திருக்கிறார்கள். துடைப்பம் அப்போது எடுத்ததுதான்.

என்னைப் பார்த்ததும் சிலர் அழுதார்கள், சிலர் சிரித்தார்கள், செயலாளர் இரண்டையும் செய்தான். கட்டிப் பிடித்தான், முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். யாரோ டீ கொடுத்தார்கள். எனக்கென்று போட்ட பந்தலில், எனக்கென்று வந்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன். இத்தனை பேர் எனக்காகக் காலைச் சாப்பாட்டை விட்டு ஓடிவந்திருக்கிறார்கள். செத்தவனுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. எனக்குத் தெரிந்தது.

கானா பாடுகிற ஒருத்தரையும் அழைத்துவந்திருந்தார்கள். எங்கள் பக்கம் பாட்டு இல்லாமல் யாரையும் வழியனுப்ப மாட்டோம். “வர்ற வழிலயே கட்டிட்டேன் நைனா, பாடாம போனா தொண்டைலயே நின்னுக்கும்” என்றார். பாடுங்கள் என்றேன். நாற்காலியில் தாளம் தட்டிப் பாடினார்.

“கீப்பருக்குக் காவலா நின்ன எங்க கோட்டச் செவுரே, கூட நின்ன தோஸ்துங்களுக்கு நீதானே உசுரே...”

கூட்டம் கைதட்டியது. அந்த நேரத்தில்தான் தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

அவன்தான். தாடியில் பாதி நரை. கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கியது, கழற்றக்கூட இல்லை. கையில் ரோஜா மாலை. மடங்காத இரண்டு விரலில் மாட்டிப் பிடித்திருந்தான். யாரையும் பார்க்காமல் தலை குனிந்தபடியே வந்து, ஐஸ் பெட்டியைத் தேடினான். காலி. நிமிர்ந்தான். நான் டீ டம்ளரோடு எழுந்து நின்றேன்.

“சாவலியா?” என்றான்.

“சாவல.”

“படத்துல மாலையெல்லாம் போட்டு கீது?”

“அக்கா அழகுக்குப் போட்டுச்சு.”

அவன் உதடு துடித்தது. கோபமா, சிரிப்பா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. சுற்றிலும் எங்கள் பழைய டீம் ஆட்கள், என்னைக் கோட்டைச் சுவர் என்று இப்போதுதான் கைதட்டியவர்கள். இப்போது வாயைத் திறக்காவிட்டால், அடுத்த தடவை இவன் மாலையோடு வரும்போது எனக்கு வாய் இருக்காது என்று தோன்றியது.

“அன்னிக்கி நீ கூப்ட்டே” என்றேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். “கீப்பர்னு கூப்ட்டே. என் காதுல வுழுந்துது. வுழுந்தும்தான் ஒதச்சேன். பேப்பர்ல சொன்னது பொய்யி.”

தாளம் நின்றது. செயலாளர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். என் காது சுவரில் இருப்பதைப் போலப் பெரிதாகிவிட்ட மாதிரி, அவன் மூச்சுகூடக் கேட்டது.

“ரெண்டு தபா கூப்ட்டேன்” என்றான் அவன்.

“இன்னா?”

“ஒரு தபா இல்ல. ரெண்டு தபா கூப்ட்டேன். சொல்றதுன்னா ஒழுங்கா சொல்லு.”

“ரெண்டு தபா கூப்ட்டே.”

“ஆங்.” மாலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “வாங்கினு வந்துட்டேன், இன்னா பண்றது” என்று என் கழுத்தில் போட்டான். போட்ட கையை எடுக்கவில்லை. அழுதோம். அதை ஒளிப்பானேன்? இரண்டு கிழட்டு எருமைகள் பந்தலில் நின்று அழுதோம். என் மனைவி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, “அண்ணே, டிபன் சாப்ட்டீங்களா?” என்று கேட்டாள்.

சாப்பிட்டதும் இருவரும் எம்.கே.பி. நகர் போனோம். விஷயம் கேள்விப்பட்டு அந்தப் பெண் பதறிப்போய் ஏற்கெனவே வந்து, சாரத்தில் ஏறி வருடங்களை அழித்துக்கொண்டிருந்தாள். “என்னாலதாண்ணே” என்று கண் கலங்கினாள். உன்னால்தான், நீ நன்றாக இருக்க வேண்டும் என்றேன். அந்தக் கையைத் திரும்பப் போட முடியுமா என்று கேட்டேன். அவள் கீழே நின்றவனின் விரல்களைப் பார்த்தாள். ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“இவன் மொகத்தையும் சேத்துப் போடும்மா” என்றேன்.

“மூஞ்சி வேணாம்” என்றான் அவன். “கடைல ஒக்கார வுட மாட்டானுங்க. கை போதும்.”

“வெரல எப்டிங்கண்ணே போடட்டும்? போட்டோல இருக்கமாரியா, இப்ப இருக்கமாரியா?”

அவன் சுவரை அண்ணாந்து பார்த்தான். “போட்டோல இருக்கமாரி. அன்னிக்கி நேராதானே இருந்துச்சு.”

வெயில் இறங்குவதற்குள் நீல வானத்தில் ஒரு கை முளைத்தது. ஐந்து விரலும் நேராக, பந்தை நோக்கி.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரிந்தது. செத்துப் பிழைத்தவனைப் பார்க்க மீஞ்சூரிலிருந்துகூட வந்திருந்தார்கள். பூக்கார அக்கா என் பக்கம் வரவே பயந்தார். நானே போய்க் காலைத் தொட்டேன், பதறிவிட்டார். பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச வரவில்லை, மேட்ச் ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டேன்.

அவன் கோலில் நின்றான். தொப்பை ஜெர்சிக்கு அடங்கவில்லை. நான் அவனுக்கு முன்னால், முட்டியில் பேண்டேஜோடு. கடைசிப் பத்து நிமிடத்தில் எதிர் டீம் ஒரு பந்தைத் தாழ்வாக உள்ளே அனுப்பியது. சாதாரணப் பந்து. காலை நீட்டினால் நானே வெளியே தட்டிவிடலாம்.

“கீப்பர்!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “கீப்பர்!”

இரண்டு தடவை. நான் ஒதுங்கினேன்.

பந்து அவன் வலது கையில் பட்டு, அந்த மடங்காத இரண்டு விரலுக்கு இடையில் நழுவி, கோலுக்குள் போனது. மைதானமே ‘அடடா’ என்றது. செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒரு கோலில் தோற்றோம்.

அவன் மண்ணிலிருந்து எழுந்து, கையைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

“கூப்ட்டேன்ல?”

“கூப்ட்டே மாமு” என்றேன்.